உலோகமே இல்லாத வினையூக்கி

இயக்குநருக்குப் பிடித்த சொல் 'தானே'. மேடை கிடைத்தாலும் மின்தூக்கியில் ஓர் ஆள் கிடைத்தாலும் அதைச் சொல்லிவிடுவார். "தானே சேரும். தானே ஒளிரும். தானே வேலை செய்யும். யாரும் கைவைக்கவே வேண்டாம்!"

இயக்குநர் என்றால் சினிமா இயக்குநர் அல்ல. ஓர் ஆய்வு மையத்தின் இயக்குநர். ஆனாலும் நாற்காலியில் சாய்ந்தபடி 'ஸ்டார்ட்' சொல்வதோடு அவர் வேலை முடிந்துவிடும் என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. யாரும் கைவைக்க வேண்டாத அந்தப் பொருளில் ஐந்தரை வருடமாகக் கைவைத்துக்கொண்டிருந்தவள் ஒரு முனைவர் பட்ட மாணவி. நுண்குழாய் செய்பவள் என்பதால் ஆய்வகத்தில் அவளுக்குக் குழாய்க்காரி என்று பெயர்.

பெயர் வைத்தது கண்ணாடியம்மா. பீக்கர், குடுவை, சோதனைக்குழாய் எல்லாவற்றையும் கழுவி அடுக்கும் ஊழியர். "ஏம்மா குழாய்க்காரி, எங்க வீட்டு அடுக்களைக் குழாய் ஒரு வாரமா சொட்டுது. இத்தனை வருஷம் படிச்சியே, வந்து ஒரு திருகு திருகிட்டுப் போயேன்" என்பார். அவள் செய்த குழாய்களில் இரண்டாயிரத்தைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால் ஒரு தலைமுடியின் அகலம் வரும். இதை ஒருமுறை விளக்கியபோது கண்ணாடியம்மா பெருமூச்சு விட்டு, "அப்போ ஒழுகினாலும் தெரியாது, நிம்மதி" என்றார்.

விஷயம் இதுதான். புரதத்தின் சின்னஞ்சிறு துண்டு ஒன்றை வெள்ளைப் பொடியாகத் தயாரிப்பாள். வெந்நீரில் கரைத்து மெல்ல ஆறவிட்டால், கரைந்த மூலக்கூறுகள் ஒன்றையொன்று தேடிப்போய் அடுக்கடுக்காக ஒட்டிக் குழாய்களாகிவிடும். புற ஊதா விளக்கைக் காட்டினால் தண்ணீர் முழுக்க நீலப்பச்சையாக ஒளிரும். இதுவரை எல்லாம் உண்மை. மின்னணு நுண்ணோக்கியில் எத்தனை முறை பார்த்தாலும் உண்மை.

அடுத்த பாதிதான் பெருமைக்குரிய பாதி. மஞ்சள் நிற வேதிக் கரைசல் ஒன்றில் அந்தக் குழாய்களைப் போட்டுக் கலக்கினால் நான்கே நிமிடத்தில் மஞ்சள் மறைந்து வெறும் தண்ணீர்போலத் தெளிந்துவிடும். ஆலைக் கழிவில் இருக்கிற நச்சை உருமாற்ற இதே வினைதான் தேவை. வழக்கமாக அதற்கு விலையுயர்ந்த உலோகம் வேண்டும். இங்கே ஒரு துளி உலோகம்கூட இல்லை. 'உலோகமே இல்லாத வினையூக்கி' என்று கட்டுரை வெளிவந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. முதல் பெயர் அவளுடையது, கடைசிப் பெயர் இயக்குநருடையது. அவளுடைய ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் முழுக்க இதுதான். வாய்மொழித் தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் அவளுடைய வழிகாட்டி என்ற முறையில் இயக்குநர் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான் பாக்கி.

அந்த வாரம் வியாழக்கிழமை மதிப்பீட்டுக் குழு வருவதாக இருந்தது. மூன்று பேர். அவர்கள் தலையசைத்தால் மையம் 'உயர் ஆய்வு மையம்' ஆகும். வாசல் பலகையில் ஒரு சொல் கூடும். அந்தச் சொல்லுக்காக இயக்குநர் புதுப் பலகையை ஏற்கெனவே எழுதச் சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை காலை அவர் ஆய்வகத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். விரலால் மேசையைத் தடவி, அந்த விரலை எல்லோருக்கும் காட்டினார்.

"வியாழக்கிழமை இங்க எல்லாம் வெள்ளையா இருக்கணும். கோட்டு வெள்ளை, மேசை வெள்ளை, கறை பட்டது எதுவும் கண்ணுல படக்கூடாது. புரியுதா?"

"சுவத்தையும் வெள்ளையடிக்கணுமா சார்?" என்று கண்ணாடியம்மா பணிவாகக் கேட்டார்.

"நேரம் இல்லையே" என்றார் இயக்குநர், நிஜமான வருத்தத்துடன்.

செவ்வாய்க்கிழமை காலை ஒத்திகை. இயக்குநர் கைகட்டி நின்றார். அவள் மஞ்சள் கரைசலில் குழாய்களைச் சேர்த்து, பீக்கரைக் கலக்கும் கருவியின் மேல் வைத்துச் சுழலவிட்டாள். கடிகாரத்தை அழுத்தினாள்.

நான்கு நிமிடம் ஆயிற்று. மஞ்சள். ஆறு நிமிடம். மஞ்சள். பத்தாவது நிமிடத்தில் இயக்குநர் பீக்கரின் மேல் குனிந்து, தான் யாரென்று அதற்குத் தெரியவில்லையோ என்பதுபோலப் பார்த்தார்.

"தண்ணி மாத்திட்டியா?"

"இல்ல சார்."

"ஏசி ஜாஸ்தியா இருக்கோ?"

"எப்பவும் வைக்கிறதுதான் சார்."

"உன் மனசுல ஏதோ டென்ஷன் இருக்கு. அது கையில தெரியும். ரிலாக்ஸா இரு. சாயந்திரம் வந்து பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். தன்னாலேயே நடக்கும் வினை அவள் மனநிலையைக் கேட்டு எப்படி நிற்கும் என்று அவளும் கேட்கவில்லை.

புதிதாகக் கரைசல் செய்து மறுபடி பார்த்தாள். மஞ்சள். விளக்கைக் காட்டினாள், குழாய்கள் அழகாக ஒளிர்ந்தன. மூன்றாம் முறையும் மஞ்சள். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கலக்கும் கருவியை நிறுத்தினாள். அப்போதுதான் பீக்கரின் அடியில் கிடந்த காந்தம் கண்ணில் பட்டது.

காந்தம் என்பது வெள்ளைப் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும், மாத்திரை அளவிலான சின்னத் துண்டு. பீக்கருக்குள் போட்டுவிட்டால் கருவிக்கு ஏற்பச் சுற்றிச் சுற்றிக் கலக்கும். வேறு வேலை அதற்கு இல்லை. இது பளபளவென்று வெள்ளையாக இருந்தது. அவளுடைய காந்தத்துக்கு ஒரு முனையில் சொத்தைப் பல் மாதிரி கறுப்புக் கறை இருக்கும்.

"அம்மா, என் மேக்னெட்டு எங்க?"

"எது, அந்தக் கறுப்பு பிடிச்சதா? தூக்கிப் போட்டேன். கறை பட்டது கண்ணுல படக்கூடாதுன்னு உங்க சார்தானே குதிச்சார்? புதுசு எடுத்துப் போட்டிருக்கேன், பாக்கலியா?"

"எங்க போட்டீங்க?"

"உடைஞ்ச கண்ணாடி டிரம்முல. ஏம்மா, முகம் ஏன் இப்படி ஆவுது? அது என்ன தங்கமா?"

தங்கம் இல்லை. கிட்டத்தட்ட அப்படித்தான்.

இருவரும் நீள இடுக்கியை வைத்துக்கொண்டு டிரம்முக்குள் துழாவினார்கள். அரை மணி நேரம் ஆயிற்று. கண்ணாடியம்மா திட்டிக்கொண்டே, உடைந்த குடுவை ஒன்றின் கழுத்துக்குள்ளிருந்து அதை எடுத்துக் கொடுத்தார். அவள் கழுவிப் பீக்கரில் போட்டாள். நான்காவது நிமிடத்தில் மஞ்சள் மறைந்தது.

"அப்பாடா" என்றார் கண்ணாடியம்மா. "இதுக்குப் போயி உசிரை எடுத்துட்டியே."

அவளுக்கு அப்பாடா வரவில்லை. வேறொரு சந்தேகம் வந்தது. இன்னொரு பீக்கர் எடுத்தாள். மஞ்சள் கரைசல் ஊற்றினாள். குழாய்களைச் சேர்க்கவில்லை. எதையுமே சேர்க்கவில்லை. அந்தக் கறுப்புக் காந்தத்தை மட்டும் போட்டுச் சுழலவிட்டாள்.

நான்கு நிமிடம் பத்து நொடியில் தண்ணீர் தெளிந்தது.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

அந்தக் காந்தம் அவளுக்கு முன் அதே மேசையில் இருந்த ஒரு சீனியரின் இழுப்பறையிலிருந்து அவள் எடுத்தது. அவர் மூன்று வருடம் பல்லேடியம் என்ற உலோகத்தோடு மல்லுக்கட்டியவர். அந்தக் கறை பல்லேடியம். கண்ணுக்குத் தெரியாத அளவு போதும், இந்த மஞ்சளைத் தின்றுவிடும்.

அப்படியானால் ஒப்புச் சோதனையில் ஏன் தெரியவில்லை? குழாய்கள் இல்லாத பீக்கரையும் அவள் ஒவ்வொரு முறையும் பக்கத்திலேயே வைத்துத்தான் பார்த்தாள். அது மஞ்சளாகவே இருந்தது. ஏனென்றால் அவள் சுத்தக்காரி. ஒரு பீக்கரின் சரக்கு இன்னொன்றில் ஒட்டிவிடக்கூடாது என்று முதல் நாளே விதி வைத்தவள்: ஒரு பீக்கர், ஒரு காந்தம். குழாய்ப் பீக்கருக்குப் பழைய காந்தம், ஒப்புப் பீக்கருக்குப் புதுக் காந்தம். சீட்டு ஒட்டி, பெயர் எழுதி, தனித்தனி டப்பாவில் போட்டு, மூன்று வருடம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்தாள். ஒருமுறை சோம்பேறித்தனமாக மாற்றிப் போட்டிருந்தால் அன்றைக்கே குட்டு உடைந்திருக்கும். வாராவாரம் கூட்டத்தில் இயக்குநர் இந்த டப்பாக்களைக் காட்டி, "பாருங்க, டிசிப்ளின்!" என்று மற்றவர்களைக் கடிந்துகொள்வார்.

சாயந்திரம் அவர் அறைக்குப் போய்ச் சொன்னாள். இரண்டு பீக்கர்களையும் எடுத்துப் போயிருந்தாள். அவர் நிறையக் கேள்வி கேட்கவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது என்பதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. முட்டாளாக இருந்திருந்தால் விளக்கியிருக்கலாம்.

"கதவைச் சாத்து" என்றார். பிறகு, "குழாய் ஒளிருதுல்ல?"

"ஒளிருது சார். அது நிஜம்."

"சேருதுல்ல?"

"சேருது."

"அப்போ முக்கால்வாசி சரி. பாக்கி கால்வாசிக்கு எதுக்கு ஊரைக் கூட்டுறே? வியாழக்கிழமை பழைய மேக்னெட்டைப் போடு. முடியட்டும். அப்புறம் நிதானமா உக்காந்து பேசுவோம்."

"சார், அது வினையூக்கியே இல்ல. மேக்னெட்டுதான் வேலை செய்யுது."

"மேக்னெட்டும் நம்ம சிஸ்டத்துல ஒரு பாகம்தானேம்மா?" இதைச் சொன்னபோது அவருக்கே லேசாகச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "உனக்கு இன்னும் மூணு வாரம். முதல் பக்கத்துல யார் கையெழுத்துப் போடணும்னு தெரியும். நான் மிரட்டல. ஞாபகப்படுத்துறேன்."

அவள் தங்கியிருந்தது அக்கா வீட்டில். அன்று இரவு அத்தான் ஹாலில் யாரிடமோ போனில், "நம்ம மச்சினிச்சி வியாழக்கிழமை டெமோ குடுக்குறா. நானோ! சின்னதுன்னு நெனைக்காதீங்க, விஷயம் பெருசு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு நானோ என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் இயக்குநரைவிட நம்பிக்கையாகச் சொன்னார். அவள் உள்ளறைக்குப் போய், துணி மடித்துக்கொண்டிருந்த அக்காவிடம் நடந்ததைச் சொன்னாள்.

அக்கா ஒரு போர்வையின் இரண்டு முனையை அவளிடம் நீட்டினாள். இருவரும் இழுத்துப் பிடித்து மடித்தார்கள்.

"யாருக்காச்சும் இதனால உடம்புக்கு ஏதாவது ஆகுமா?"

"உடனே ஆகாது. ஆனா இதை நம்பி மூணு ஊருல ஆளுங்க வேலை பாக்குறாங்க. ஒருத்தி மெயில் போட்டிருந்தா. 'ஆறு மாசமா முயற்சி பண்றேன், எனக்கு மட்டும் வரல, என் கையிலதான் ஏதோ தப்பு'ன்னு."

"நீ என்ன பதில் போட்டே?"

"வெந்நீரை இன்னும் மெதுவா ஆறவிடுன்னு."

அக்கா போர்வையை அடுக்கில் வைத்தாள். "கையெழுத்து வாங்கிட்டு அப்புறம் சொல்லேன்டி. மூணு வாரம்தானே. அஞ்சரை வருஷம் பொறுத்தவங்க நாங்க."

"நாங்க" என்ற சொல்லில் வாடகை இல்லாத அறை இருந்தது, அத்தானின் பொறுமை இருந்தது, தள்ளிப்போட்ட எத்தனையோ இருந்தன. அக்கா கோபமாகச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை எல்லாம் வெள்ளையாக இருந்தது. குழு வந்தது. தலைவர் ஒரு பெரிய மனிதர்; எதைக் காட்டினாலும் 'இதை நான் அப்போதே சொன்னேன்' என்ற பாவனையில் தலையாட்டினார். இரண்டாமவர் படம் எடுத்தார். மூன்றாமவர் எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே வந்தார், கழிப்பறை எந்தப் பக்கம் என்று சொன்னதைக்கூட.

அறை விளக்கை அணைத்துப் புற ஊதா விளக்கில் குழாய்களை ஒளிரவைத்தாள். 'ஆகா' என்றார்கள். அந்த ஆகாவுக்கு அவளும் தகுதியானவள்தான். ஒரு நிமிடம் சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகு இயக்குநர் தன் கையாலேயே பழைய காந்தத்தைப் பீக்கரில் போட்டார். இத்தனை வருடத்தில் அவர் கைவைத்தது அதுதான் முதல் தடவை. நான்கு நிமிடத்தில் மஞ்சள் மறைந்தது. கைதட்டினார்கள்.

"தானே!" என்றார் இயக்குநர்.

"இன்னொண்ணு காட்டணும்" என்றாள் அவள்.

இயக்குநரின் புன்னகை அப்படியே இருந்தது. கண் மட்டும் மாறியது. அவள் காந்தத்தை இடுக்கியால் எடுத்துக் கழுவினாள். புது மஞ்சள் கரைசலில் போட்டாள். "இதுல குழாய் இல்ல. எதுவுமே சேர்க்கல. கவனிச்சுக்கோங்க." நான்கு நிமிடம் ஆயிற்று. தண்ணீர் தெளிந்தது. இனி அவள் வாய்திறக்க வேண்டியதில்லை, பீக்கர் சொல்லிவிட்டது என்று நினைத்தாள்.

குழு மறுபடி கைதட்டியது. முன்னைவிடப் பலமாக.

"அபாரம்!" என்றார் தலைவர். "சேர்க்காமலே நடக்குது! இவ்வளவு திறனை நான் எங்கயும் பாத்ததில்ல. எழுதிக்கோங்க, எழுதிக்கோங்க."

மூன்றாமவர் எழுதிக்கொண்டார்.

கதவோரம் நின்ற கண்ணாடியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். இயக்குநர் மூச்சு விட்டார். போதும், விடு என்று அவர் கண் கெஞ்சியது. விடலாம்தான். அவள் காட்டிவிட்டாள், அவர்களுக்குப் புரியவில்லை என்றால் அவள் பொறுப்பா? முதல் பக்கம், கையெழுத்து, போர்வையின் இரண்டு முனை எல்லாம் ஒரு கணம் அந்தப் பக்கம் சாய்ந்தன.

"சேர்க்காம நடக்குதுன்னா," என்றாள், "நாங்க சேர்த்ததுக்கு அங்க வேலையே இல்லன்னு அர்த்தம். மேக்னெட்டுல உலோகக் கறை இருக்கு. அதான் எல்லாம் பண்ணுது. எங்க கட்டுரை தப்பு."

மூன்றாமவரின் பேனா நின்றது. தலைவர் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் தரையைப் பார்த்தார். தரை வெள்ளையாக இருந்தது. கடைசியில் தலைவர்தான் தொண்டையைச் செருமி, "அடுத்த அறை எது?" என்று கேட்டார்.

அவள் எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள். இயக்குநரை அவள் இன்னும் சரியாக எடைபோடவில்லை. பத்து நாளில் குழுவின் அறிக்கை வந்தது: 'தன் தவறைத் தானே கண்டறிந்து, துணிச்சலுடன் வெளிப்படுத்தும் பண்பாட்டை இயக்குநர் இங்கே வளர்த்துள்ளார்.' வாசலில் புதுப் பலகை மாட்டப்பட்டது. அடுத்த கூட்டத்தில் அவர் நேர்மையைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். அவளைப் பார்த்து இரண்டு முறை தலையாட்டினார்.

மறுநாள் அறைக்குக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதம். இதழாசிரியருக்கு. எல்லாம் சரியாக இருந்தது, ஒரு வரியைத் தவிர: 'ஆய்வு மாணவியின் கவனக்குறைவால் நேர்ந்த பிழை.'

"கையெழுத்துப் போடு. நானும் உன் ஆய்வேட்டுல போட்டுடறேன். நாலாவது அத்தியாயத்தைத் தூக்கிட்டாலும் ஒளிர்றதை வெச்சு ஒப்பேத்திடலாம்."

"கவனக்குறைவு இல்ல சார். கவனம் ஜாஸ்தியாப் போச்சு. அந்த மேக்னெட்டை எடுத்தது நான்தான், ஒத்துக்குறேன். ஆனா மூணு வருஷம் வாராவாரம் பாத்தீங்க. ஒரு தடவை மாத்திப் போட்டுப் பாருன்னு நீங்களும் சொல்லல, நானும் யோசிக்கல. வரணும்னு நெனைச்சது வந்துச்சு, விட்டுட்டோம்."

"இதழாசிரியருக்கு இந்தக் கதையெல்லாம் எதுக்கு?"

அவள் பேனாவை எடுத்து 'ஆய்வு மாணவியின்' என்பதை அடித்து 'எங்கள்' என்று எழுதினாள். 'கவனக்குறைவால்' என்பதை அடித்து, ஒரே காந்தத்தை எப்போதும் ஒரே பீக்கருக்கு ஒதுக்கியதையும், அதில் உலோகக் கறை இருந்ததையும் இரண்டு வரியில் எழுதினாள். கீழே கையெழுத்துப் போட்டு அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

அவர் படித்தார். தன் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

"யோசிக்கிறேன்" என்றார். "தேர்வுத் தேதியையும் சேர்த்து."

அவள் இடத்துக்கு வந்து அதே வரிகளைத் தட்டச்சு செய்து, தன் பெயரில் மட்டும் இதழாசிரியருக்கு அனுப்பினாள். ஆறு மாதமாகத் தன் கையைச் சந்தேகித்துக்கொண்டிருந்தவளுக்கு ஒரு பிரதி போட்டாள். பிறகு பதிவு அலுவலகத்துக்கு நடந்தாள். மாதக் கடைசிக்குள் தேர்வு இல்லையென்றால் அவள் பதிவே காலாவதியாகிவிடும். ஒரு வருட நீட்டிப்புக்கு அவளே விண்ணப்பிக்கலாம், யார் கையெழுத்தும் வேண்டாம்.

குமாஸ்தா படிவத்தைக் கொடுத்தார். பெயர், துறை, பதிவு எண் எல்லாம் நிரப்பினாள். 'நீட்டிப்புக்கான காரணம்' என்ற இடத்தில் 'நான்காம் அத்தியாயம் தவறு' என்று எழுதி நீட்டினாள்.

அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிப் படித்தார். "இது என்னம்மா? இப்படியெல்லாம் யாரும் எழுத மாட்டாங்க. 'சொந்தக் காரணம்'னு போடு. இல்லன்னா 'உடல்நிலை'. இந்த ரெண்டுதான் ஓடும்."

"எனக்கு உடம்பு நல்லாதாங்க இருக்கு."

"அதை யாரு கேட்டா? இதுக்கு சீல் வெச்சா மேல இருந்து எனக்குக் கேள்வி வரும். தவறுன்னா எப்படி, யாரோட தவறு, யாரு பாத்தது... எனக்கு எதுக்கு வம்பு? அடிச்சிட்டு மாத்தி எழுது."

படிவத்தை அவள் பக்கம் தள்ளினார். அவள் அதை ஒருமுறை படித்துப் பார்த்தாள். எழுத்துப் பிழை எதுவும் இல்லை. திரும்ப அவர் பக்கம் தள்ளினாள்.

"மேல இருந்து கேட்டா என்னைக் கூப்பிடுங்க" என்றாள். "வந்து சொல்றேன்."

அவர் முத்திரையைக் கையில் எடுத்து, வைக்காமல், அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நகரவில்லை.